ஆமென் சொன்னால்தான் கேஜ் இறங்கும்

அவர் பெயரை எழுதப்போவதில்லை. மரியாதைக்காக என்று நினைத்துக்கொள்ளுங்கள், உண்மையில் பயம். இந்தப் பூமியில் இருந்தபோதே என் சமாசாரங்களை ஒன்றுவிடாமல் ஆண்டவரிடம் சேர்ப்பித்த மனிதர் அவர். இப்போது போய்ச் சேர்ந்து, ஆண்டவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். நான் இங்கே அவர் பெயரை இழுத்தால், அங்கே அவர் என் பெயரை இழுப்பார். ஆகையால் பெல்காரர் என்றே வைத்துக்கொள்வோம். ஊரும் அப்படித்தான் அழைத்தது.

கோலார் தங்க வயலுக்கு மின்சார விளக்கு வராத காலம். நான் வேலை பார்த்தது எந்தச் சுரங்கம் என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். அந்தச் சுரங்கத்தின் ஷாஃப்ட், அதாவது ஆளை இறக்கும் செங்குத்துக் குழி, அதன் வாயில் ஒரு மணிக்கயிறு தொங்கும். கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் பத்துப் பேரைத் திணித்து, கதவைச் சாத்தி, கயிற்றை இழுத்தால், தூரத்தில் என்ஜின் ரூமில் மணி அடிக்கும். அங்கே இருக்கிற டிரைவருக்கு ஷாஃப்டும் தெரியாது, ஆளும் தெரியாது. மணி அடித்தால் இறக்குவார், இல்லாவிட்டால் மூக்குப்பொடி போடுவார். அந்தக் கயிற்றைப் பிடித்தவர்தான் பெல்காரர்.

காலை ஷிஃப்டுக்கு ஒவ்வொரு கேஜ் இறங்கும்போதும் அவர் ஜெபம் செய்வார். ஒரு கையில் கயிறு, மற்றொரு கையில் தலைப்பாகை, கண் இறுக மூடியிருக்கும். ஆமென் சொன்ன பிறகுதான் கயிறு அசையும். ஜெபம் சிறியதுதான். விஷயம்தான் பெரியது.

"ஆண்டவரே, இந்தப் பத்துப் பேரையும் பத்திரமா இறக்கி, பத்திரமா ஏத்தும். மூணாவதா நிக்கிறவன் நேத்து கள்ளுக்கடையிலேர்ந்து நாலு காலுல வூட்டுக்குப் போனான். அவன் சம்சாரம் அழுதது உமக்குக் கேட்டிருக்கும், எனக்கே கேட்டுது. அவனுக்கு ரெண்டு காலே போதும்னு எடுத்துச் சொல்லும். ஆமென்."

மூன்றாமவன் வாயைத் திறப்பதற்குள் பூமிக்குள் நூறு அடி போயிருப்பான். கேஜுக்குள் நிற்கிறவனால் ஓட முடியாது, குனிய முடியாது, பக்கத்தில் நிற்கிறவன் சிரிப்பதைப் பார்க்காமல் இருக்கவும் முடியாது. மேலே ஒன்பது பேருக்குத் தெரிந்த சங்கதி, கேஜ் அடியில் போய் நிற்கும்போது லெவல் என்கிற அந்தச் சுரங்க அடுக்கு முழுவதும் பரவிவிடும்.

இப்படிப்பட்டவரை ஊர் வெறுத்திருக்க வேண்டும். இல்லை. கேஜில் போகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவர்கள். பெல்காரர் காய்ச்சலில் படுத்து, வேறொருவன் கயிற்றைப் பிடித்த அன்றைக்கு அவர்கள்தான் ஏற மறுத்தார்கள். புதியவன் ஜெபம் தெரியாதவன். கூட்டத்திலிருந்து யாரோ சொல்லிக்கொடுக்க, பிள்ளையாரைக் கும்பிடுகிறவன் ஒருவன் ஆமென் சொல்லி, அப்புறம்தான் கேஜ் இறங்கியது.

சபையில் இன்னும் வேடிக்கை. வீட்டு ஜெபக்கூட்டத்துக்கு ஒருவர் பாக்கி இல்லாமல் வருவார்கள். வராதவனைப் பற்றித்தான் ஜெபம் நீளும் என்பது எல்லோருக்கும் தெரியும். மாதத்துக்கு ஒருமுறை பெங்களூரிலிருந்து வரும் ஐயர், அதாவது எங்கள் பாதிரியார், நிரம்பி வழிகிற சபையைப் பார்த்துத் தன் பிரசங்கத்தின் பலன் என்று ஆனந்தக் கண்ணீர் விடுவார். அவர் மனதை நாங்கள் யாரும் நோகடிக்கவில்லை. பெண்கள் வெகு சீக்கிரம் வழி கண்டுபிடித்தார்கள். தண்ணீர்க் குழாயடியில் பெல்காரரைப் பார்த்தால், "அண்ணே, எங்க வூட்டுக்காரருக்காகக் கொஞ்சம் ஜெபிச்சிக்கோங்க" என்று ஆரம்பித்து, எதற்காக ஜெபிக்க வேண்டும் என்பதை விவரமாகச் சொல்லிவிட்டுப் போவார்கள். மறுநாள் காலை அந்த வீட்டுக்காரர் கேஜில் நின்று காதைப் பொத்திக்கொள்வார்.

ஒரு விஷயம் முக்கியம். மனிதரிடம் அவர் யாரைப் பற்றியும் ஒரு வார்த்தை பேசியதில்லை. என் கோழியைப் பிடித்தது யார் என்று அவர் கண்ணால் பார்த்திருந்தார். காலில் விழாத குறையாகக் கேட்டேன். "எனக்கு இன்னாத்துக்கு ஊர்க்கதை?" என்று போய்விட்டார். புதன்கிழமை ஜெபத்தில் கோழி, இறகு, குழம்பு, அந்த வீட்டு விருந்தாளி உட்பட எல்லாம் வந்தது.

இனி என்னைப் பற்றி. தாது வருஷப் பஞ்சத்தில் வட ஆற்காட்டிலிருந்து நடந்து வந்து மிஷன் கஞ்சித் தொட்டியில் விசுவாசம் பெற்ற குடும்பம் எங்களுடையது. அப்பா கஞ்சிக்குப் பிறகு வேதத்தைப் படித்தார். நான் கஞ்சியோடு நின்றுவிட்டேன். மிஷன் பள்ளிக்கூடத்தில் கொஞ்சம் இங்கிலீஷ் ஒட்டிக்கொண்டது. அதைக் காட்டி, ஆள் வரவு எழுதும் டைம் ஆபீஸில் ரைட்டர் வேலை வாங்கினேன். சுரங்க வேலையை மேற்பார்க்கும் கேப்டன் துரைக்குத் தமிழில் 'சீக்கிரம்' என்ற சொல்லும் மூன்று வசவும்தான் தெரியும். மற்றதை நான் மொழிபெயர்க்க வேண்டும். என் இங்கிலீஷ் எப்படிப்பட்டது என்று அவருக்கும் தெரியவில்லை, கூலிகளுக்கும் தெரியவில்லை. அதனால் எனக்கு இரண்டு பக்கமும் நல்ல பெயர்.

மூங்கில் தட்டியே சுவரான கம்பெனி வரிசையில், எனக்குப் பக்கத்துத் தட்டி வீட்டில் மெழுகுவர்த்திக் கிடங்கின் காவல்காரர் இருந்தார். வயசானவர், அம்மன் பக்தர். ஆடி மாதம் அவர் வீட்டில் கூழ் ஊற்றினால் முதல் சொம்பு எனக்கு வரும். அம்மன் கூழைக் கிறிஸ்தவன் குடிக்கக் கூடாது என்று, ஐயர் இல்லாத நாட்களில் சபையை நடத்தும் உபதேசியார் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஆகையால் கதவைச் சாத்திக்கொண்டு குடித்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சபை நடுவில் பெல்காரர் எழுந்தார். "ஆண்டவரே, ஒருத்தன் கதவைச் சாத்திக்கினு கூழு குடிச்சான். பசி, மன்னிச்சிடும். ஆனா ரெண்டாவது சொம்புக்குத் தட்டிச் சந்து வழியா கையை நீட்டினானே, அதுக்குக் கொஞ்சம் புத்தி சொல்லும்."

பெயர் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியமும் இல்லை. சபை முழுவதும் திரும்பி என்னைப் பார்த்தது. வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டேன்.

"இன்னா பெல்காரரே, சபை நடுவுல மானத்த வாங்கிட்டீங்க?"

"நான் உன்னப் பத்தி யார்கிட்டனா சொன்னனா?"

"சொன்னீங்களே!"

"யார்கிட்ட?"

"ஆண்டவர்கிட்ட."

"அவருக்கு முன்னாடியே தெரியும். அப்பால இன்னா?"



அந்த வருஷம் கிறிஸ்துமஸ் வந்தது. எங்கள் விடியற்கால ஆராதனை எப்போதும் அரை இருட்டில்தான் நடக்கும். நாலைந்து மெழுகுவர்த்தி, அந்த வெளிச்சத்தில் பாட்டுப் புத்தகத்தை நீட்டி நீட்டி ஒருவர் தலையை ஒருவர் இடித்துக்கொள்வோம். கத்தோலிக்கர் கோயிலோ தூரத்திலிருந்து பார்த்தாலே ஜகஜ்ஜோதி. இது சபைக்கு நெஞ்செரிச்சலாக இருந்தது. டிசம்பர் முதல் வாரக் கூட்டத்தில் யார் என்ன காணிக்கை கொடுப்பது என்ற பேச்சு வந்தபோது, என்னை யாரும் கேட்காமலே எழுந்து ஐம்பது மெழுகுவர்த்தி தருகிறேன் என்று அறிவித்தேன். பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு 'ஆ' எழுந்தது. அந்த 'ஆ'வுக்காக நான் நூறு கூடச் சொல்லியிருப்பேன்.

ஆண்டர்சன்பேட்டைக் கடைத்தெருவில் வாங்கலாம் என்றுதான் கிளம்பினேன். பாதி வழியில் என் வாய் அகலத்துக்கு என் பை அகலம் போதாது என்பது நினைவுக்கு வந்தது. திரும்பினேன். வழியில் கம்பெனிக் கிடங்கு. தங்கத்துக்கு ஊரெல்லாம் போலீஸ் வைத்த கம்பெனி, சுரங்கத்துக்கே வெளிச்சம் தரும் மெழுகுவர்த்திக்கு என் பக்கத்து வீட்டுக் கிழவர் ஒருவரை மட்டும் வைத்திருந்தது. ஏதோ லிஸ்ட் பார்க்க வேண்டும் என்றேன். அவர் எழுந்து வணக்கம் சொல்லி, கதவைத் திறந்துவிட்டு, தண்ணீர் குடிக்கப் போனார். ஆண்டவருடைய வேலைக்குத்தானே என்று எனக்கு நானே இரண்டு தடவை சொல்லிக்கொண்டேன். ஒரு தடவையில் நம்பிக்கை வரவில்லை.

கிறிஸ்துமஸ் விடியலில் சபை ஜொலித்தது. கம்பெனி மெழுகுவர்த்தியைத் தங்க வயலில் யாருக்கும் அடையாளம் சொல்ல வேண்டியதில்லை. குட்டை, தடிமன், மஞ்சள் நிறம். தினமும் களிமண்ணில் குத்தித் தலையில் வைத்துக்கொண்டு இறங்குகிற சாமான். ஒருவர் கூட ஒன்றும் கேட்கவில்லை. முதல்முறையாக எல்லா வரியும் தெரிந்ததால் எல்லோரும் எல்லா வரியையும் பாடினார்கள். ஐயர் என் தாராள மனதை வாழ்த்தினார். வர்த்திகளைத் தன் கையாலேயே ஏற்றிய பெல்காரரை முடிவு ஜெபம் செய்யச் சொன்னார்கள். அவர் எழுந்தார். வரிசையாக எரிகிற ஐம்பதையும் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினேன்.

"ஆண்டவரே, நன்றி. ஆமென்" என்று உட்கார்ந்துவிட்டார்.

அவர் வாழ்க்கையிலேயே சிறிய ஜெபம். தப்பித்தோம் என்று நான்தான் முதலில் கேக்குக்கு ஓடினேன்.

புது வருஷம் பிறந்து இரண்டாவது வாரம் கிடங்கைச் சரிபார்த்தார்கள். ஐம்பது குறைந்தது. கேப்டன் துரை காவல்காரரைக் காலை ஷிஃப்ட் நேரத்தில் ஷாஃப்ட் வாய்க்கு வரவழைத்தார்; எல்லோரும் பார்க்கட்டும் என்று. வேலை போனால் தட்டி வீடும் போகும், அது கம்பெனியுடையது; சாயங்காலத்துக்குள் காலி செய்ய வேண்டும். அந்த வீட்டில் கிழவரின் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்து, இன்றோ நாளையோ என்று படுத்திருந்தாள். இது எனக்குத் தெரியும். இரவெல்லாம் அவள் முனகுவது எங்கள் தட்டிக்கு இந்தப் பக்கம் கேட்டது.

கேஜில் பத்துப் பேர் ஏறி நின்றார்கள். மற்றவர்கள் சுற்றி நின்றார்கள். துரை கேள்வி கேட்க, நான் மொழிபெயர்த்தேன். கிடங்குக்குள் யார் வந்தது?

கிழவர் யோசித்தார். "ரைட்டர் வந்தாரு துரை, லிஸ்ட் பார்க்கணும்னு. ஆனா அவரு வேதக்காரரு. அவுங்க சாமி திருட்டுக்கு ஒத்துக்காது."

என்ன சொல்கிறான் என்று துரை என்னைக் கேட்டார். ஒன்றும் தெரியாது என்கிறான் என்றேன். இவ்வளவு நல்ல சாட்சியை இவ்வளவு சுருக்கமாக மொழிபெயர்த்தவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

துரை பெல்காரர் பக்கம் திரும்பினார். அவர் நிற்கிற இடத்திலிருந்து பார்த்தால் கிடங்கு வாசல் நேராகத் தெரியும். யார் போனது, யார் வந்தது, சொல் என்றார். நான் அதைத் தமிழில் கேட்டேன். 

பெல்காரர் தலைப்பாகையைக் கழற்றினார். "நான் ஒருத்தரைப் பத்தி ஒருத்தர்கிட்ட பேசறதில்ல துரை."

இதை மட்டும் வார்த்தை பிசகாமல், உற்சாகமாக மொழிபெயர்த்தேன்.

கேப்டன் துரை இங்கிலாந்தின் கார்ன்வால் பக்கத்துக்காரர். ஞாயிற்றுக்கிழமைகளில் வெள்ளைக்காரர் சபையில் பிரசங்கமும் செய்கிறவர். அவர் பெல்காரரைப் பார்த்தார். அப்புறம் தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டு, அப்படியானால் ஜெபிப்போம் என்றார். பெல்காரர் நடத்தட்டும், ரைட்டர் ஒவ்வொரு வரியையும் இங்கிலீஷில் சொல்லட்டும்.

மூன்று வசவு மட்டும் தெரிந்த மனிதருக்கு எங்கள் பெல்காரரைப் பற்றி இவ்வளவு தெரிந்திருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

எல்லாத் தலைப்பாகையும் இறங்கியது. துரை கண்ணை மூடினார். பெல்காரர் கயிற்றை இறுகப் பிடித்தார். பிறகு மெதுவாக ஆரம்பித்தார்.

"ஆண்டவரே, கிறிஸ்துமஸ் அன்னிக்கு அம்பது மெழுகுவர்த்தி ஏத்தினது என் கை. முதலாவது ஏத்தும்போதே தெரியும், அது யார் வூட்டுதுன்னு. தெரிஞ்சும் மீதி நாப்பத்தொம்பதும் ஏத்தினேன்."

மொழிபெயர்த்தேன்.

"ஊர்ப் பாவத்த நாள் தவறாம உம்மகிட்ட சொன்ன வாய், என் பாவத்துக்கு மூடிக்கிச்சி. இன்னாத்துக்குன்னா, வெளிச்சம் நல்லா இருந்துச்சி."

அதையும் சொன்னேன். துரையின் மூடிய கண்ணோரம் ஏதோ அசைந்தது. கேஜில் நின்ற எங்கள் சபையார் நாலு பேரும் தங்கள் கையிலிருந்த மெழுகுவர்த்தி திடீரென்று கனப்பதுபோல் குனிந்தார்கள்.

"இந்தக் காவக்காரர் எடுக்கல. எடுத்தவன் இங்கதான் கீறான். அவனை நான் காட்டிக் குடுக்க மாட்டேன், அது என் வழக்கமில்ல. அவன் வாயாலயே சொல்ல வையும்." பெல்காரர் மூச்சு வாங்கினார். "அவனுக்கு இது ஒண்ணும் கஷ்டமில்ல ஆண்டவரே. நான் சொல்றத இங்கிலீஷ்ல துரைக்குச் சொல்லிக்கினு இருக்கிறவனே அவன்தான்."

சுற்றி நின்ற நூறு பேருக்கும் தமிழ் தெரியும். துரை ஒருவருக்குத்தான் தெரியாது. நூறு பேரும் கண்ணைத் திறந்து என்னைப் பார்க்க, துரை மட்டும் கண்ணை மூடி என் வாயிலிருந்து வரப்போவதற்குக் காத்திருந்தார்.

நான் எதை வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். மழைக்காக ஜெபிக்கிறார் என்று சொல்லியிருந்தால் துரை ஆமென் சொல்லியிருப்பார். சொல்லவும் நினைத்தேன், இதை மறைப்பதில் பிரயோஜனமில்லை. ஆனால் பெல்காரர் அடுத்த வரிக்குப் போகவில்லை. ஆமெனும் சொல்லவில்லை. கயிறு அவர் கையில் அசையாமல் இருந்தது. கேஜ் நின்றது. என்ஜின் ரூமில் டிரைவர் எத்தனை சிட்டிகைப் பொடி போட்டாரோ. காவல்காரர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கோபமாகப் பார்த்திருந்தால் சமாளித்திருப்பேன். பெல்காரர் தப்பாகச் சொல்லிவிட்டார், நீ சரிசெய்துவிடு என்பதுபோல் பார்த்தார்.

எடுத்தவன் இங்கேயே நிற்கிறான் என்று சொல்கிறார், சார் என்றேன்.

எவன் என்றார் துரை, கண்ணைத் திறக்காமல்.

நான்தான், சார் என்றேன். என் இங்கிலீஷில் பிழையே இல்லாமல் வந்த வாக்கியம் அது.

"ஆமென்" என்றார் பெல்காரர். மணி அடித்தது. கேஜ் இறங்கியது. கம்பெனிக்கு நேரம் பொன்னானது.

துரை என்னை ஜெயிலுக்கு அனுப்பவில்லை. கிழவருக்கு வேலை திரும்பியது. மகளுக்கு மறுநாள் அதே வீட்டில் ஆண் குழந்தை பிறந்தது. திருடனை ஆபீஸில் வைத்துக்கொள்ள முடியாது, பூமிக்குள் வைத்துக்கொள்ளலாம் என்பது துரையின் தீர்ப்பு. கல் அள்ளும் வேலை. மறுநாள் காலை நான் வரிசையில் நின்று மெழுகுவர்த்தி வாங்கினேன். கொடுத்தவர் காவல்காரர். கையில் ஒன்றை வைத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஒண்ணுதான்" என்றார்.

ஆடி மாதம் கூழ் வரவில்லை. கதவைத் திறந்தே வைத்திருந்தேன், வரவில்லை.

முதல் நாள் கேஜில் நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, பெல்காரர் என் சமாசாரத்தை விஸ்தாரமாக எடுக்கப்போகிறார் என்று ஒன்பது பேரும் காதைத் தீட்டினார்கள். அவர் தன்னைப் பற்றி ஆரம்பித்தார். கிறிஸ்துமஸ் வெளிச்சம், தன் வாய், தன் பெருமை என்று போனார். அதன்பிறகு தினமும் அப்படித்தான். தன் பாவத்தை முதலில் சொல்லி முடித்துவிட்டுத்தான் மற்றவரிடம் வருவார். வருவதற்குள் ஷிஃப்ட் நேரமாகிவிடும். ஜனங்களுக்குச் சப்பென்று போனது. ஒருவர் பாவத்தையே எத்தனை நாள் கேட்பது? வீட்டு ஜெபக்கூட்டத்துக்கு ஆள் குறைந்தது. ஐயர் பெங்களூரிலிருந்து வந்து, சபையில் விசுவாசம் தணிந்துவிட்டது என்று துக்கப்பட்டார்.

அடுத்த கிறிஸ்துமஸ் விடியலில் கடைத்தெருவில் வாங்கிய நாலு மெழுகுவர்த்தி எரிந்தன. அதில் ஒன்று நான் வாங்கியது. இந்த முறை 'ஆ' ஒன்றும் எழவில்லை. பழையபடி தலையோடு தலை இடித்துக்கொண்டோம். பாட்டு பாதியில் இருக்கும்போது வாசலில் காவல்காரர் பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார். கையில் கார்த்திகைக்கு ஏற்றிய அகல் ஒன்று, எண்ணெயும் திரியுமாக. இருட்டுல படிக்கிறீங்களே என்று மட்டும் சொல்லி, அதை என் பக்கத்து ஜன்னலில் வைத்துவிட்டுப் போனார். சாமிக்கு ஏற்றிய அகல் சபைக்குள் இருக்கலாமா என்று மூப்பர்கள் குசுகுசுவென்று விவாதித்தார்கள். விவாதம் நடக்கும்போது அந்த வெளிச்சத்தில்தான் எங்கள் வரிசை புத்தகம் பார்த்தது. அகல் அணைந்த பிறகுதான் விவாதம் முடிந்தது.

முடிவு ஜெபத்துக்குப் பெல்காரர் எழுந்தார். நாலு வர்த்தியையும் பார்த்தார். ஆராய்ந்து பார்த்தார் என்றே சொல்ல வேண்டும். எல்லாம் ஒல்லி, எல்லாம் வெள்ளை. திருப்தியாகக் கண்ணை மூடினார்.

"ஆண்டவரே, நன்றி. போன வருஷம் இதவிட நல்ல வெளிச்சம். பாட்டும் நல்லா இருந்துச்சி. அத நெனச்சி நாங்க இங்க யாரும் ஏங்கல."  ஒரு கண்ணைத் திறந்து எங்கள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்து, மறுபடி மூடிக்கொண்டார். "ஏங்கறோம். மன்னிச்சிடும். ஆமென்."